பாதியில் நின்ற பதினோரு நிரைகள்

எங்கள் பட்டறைக் கணினியில் ஒரு கட்டளை இருக்கிறது. தட்டையாக வரைந்துவைத்த பேனல்களை வளைந்த பரப்பு ஒன்றின்மேல் ஒரே சொடுக்கில் கொண்டுபோய்ப் போர்த்திவிடும். அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டளை என்ன செய்யும் பாவம், கேட்டதைச் செய்கிறது. அதை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்கிற ஆள்மேல்தான் என் ஆத்திரமெல்லாம். அந்த ஆள் யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பூடகமாகப் பேச எனக்கு வராது. எங்கள் முதலாளியின் மச்சினன்.

பட்டறை கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலையில் இருக்கிறது. அலுமினியத் தகட்டை வெட்டி மடக்கிக் கூரை, முகப்பு, தடுப்பு என்று கேட்டதைச் செய்து கொடுப்போம். முதலாளி உள்ளூர்க்காரர், வாய் நிறைய ‘ங்க’ போட்டுப் பேசுவார். மச்சினன் கோயம்புத்தூரில் டிசைன் படித்தவன். வருகிற ஆட்களுக்குத் திரையில் படம் காட்டி மயக்குவது அவன் வேலை. வெட்டுவதற்கான வரைபடம் போடுவது நான். நான் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவளைக் கூட்டிவந்து கொல்லங்கோட்டில் இரண்டு அறை வாடகை வீட்டில் வைத்திருக்கிறேன். இந்த வேலை போனால் நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வரைபடத்தின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். வரைந்தவர் யார் என்பதற்கு இரண்டு எழுத்து. இந்தச் சுற்று வட்டாரத்துப் பட்டறைகளெல்லாம் ஒன்றுக்கொன்று பழக்கம். ஒரு கூரை சரியாக உட்கார்ந்தால் அந்த இரண்டெழுத்தைக் கேட்டு ஆள் அனுப்புவார்கள், கோணிக்கொண்டால் அதே இரண்டெழுத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு இருக்கிற சொத்து அவ்வளவுதான். எங்கள் பட்டறையில் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. முறையாக வாங்கிய மென்பொருள் ஒரே ஒரு கணினியில்தான் இருந்தது, அது என் கணினி. அதில் யார் உட்கார்ந்து என்ன வரைந்தாலும் மூலைக்கட்டத்தில் என் எழுத்து தானாக விழும். மச்சினனும் அதில்தான் உட்காருவான். இதை மாற்றுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். முதலாளி ‘பாக்கலாமுங்க’ என்பார். அவருடைய ‘பாக்கலாமுங்க’வுக்கு நடக்காது என்று அர்த்தம்.

அப்போதுதான் அந்த ரிசார்ட் வேலை வந்தது. இடம் சின்னக்கானல் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் காலி செய்துவிட்டு வந்த லயத்திலிருந்து கூப்பிடு தூரம். சரிவில் ஒரு சாப்பாட்டுக் கூடம், அதற்குக் கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டையான கூரை. பின்னால் இருக்கிற தேயிலை மலையில் செடிகள் நிரை நிரையாக மேலே ஏறுகின்றன அல்லவா, அதே நிரைகள் கூரைமேலும் ஏற வேண்டுமாம். பச்சைப் பேனல்கள், நடுவில் ஆள் நடக்கிற தடம் போல மெல்லிய இடைவெளி. தூரத்தில் இருந்து பார்த்தால் கூரை எது, மலை எது என்று தெரியக்கூடாது. படம் காட்டி ஆசைப்படுத்தியது மச்சினன். எல்லா நிரையும் ஒரே அகலம், அடியிலிருந்து உச்சிவரை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

ஒரு காகிதத்தை டப்பாவில் சுற்றினால் ஒட்டி நிற்கும். அதையே தேங்காயில் சுற்றினால் சுருக்கம் விழும், இல்லாவிட்டால் கிழியும். தகடும் அப்படித்தான். திரையில் இருக்கிற தகடு ரப்பர் மாதிரி இழுபடும். லாரியில் வருகிற தகடு இழுபடாது. உருண்டையின் அடிச்சுற்று பெரிது, உச்சிச்சுற்று சின்னது. அடியில் ஆரம்பித்த நிரையெல்லாம் உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் மேலே போகப் போக ஒவ்வொன்றும் விரல் அகலத்துக்கு நசுங்கும். விரல் அகலத் தகட்டை எந்த மெஷினும் மடக்காது.

மலையில் இதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். உருண்ட குன்றில் எல்லா நிரையும் உச்சிக்குப் போகாது. சில நிரைகள் பாதி ஏற்றத்தில் ஒடுங்கி, பக்கத்து நிரைகளுக்கு நடுவில் முளை மாதிரி முடிந்துபோகும். மற்றவை அகலம் குறையாமல் மேலே போகும். இதெல்லாம் எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. மேற்பார்க்கிற கங்காணி, தனக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவருக்குத்தான் அந்தப் பாதி நிரையைக் கொடுப்பார். கூலி கொழுந்தின் எடைக்குத்தான், பாதி நிரையில் எதைப் பறிப்பது? எங்கள் அம்மா கங்காணியிடம் வாய் கொடுப்பாள். அதனால் வாரத்துக்கு மூன்று நாள் பாதி நிரை அவளுக்குத்தான். ஒரு தடவை பொறுக்க மாட்டாமல், பறித்த கொழுந்து மொத்தத்தையும் கங்காணி காலடியில் கொட்டிவிட்டு வந்துவிட்டாள். லயமே அதைப் பற்றிப் பேசியது. மறுநாள் காலை கூடையை மாட்டிக்கொண்டு அதே பாதி நிரைக்குப் போனாள், போகாமல் என்ன செய்வது.

அதனால் கூரையைப் பார்த்ததுமே எங்கெங்கே நிரையை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். ஒவ்வொரு பேனலும் தட்டைத் தகடு, ஒரு பக்கமாக மட்டும் லேசாக வளையும், அதுவும் கையால் அழுத்தினால் போதும். பதினோரு நிரைகள் பாதியில் நிற்கும். அந்தப் பதினோரு இடத்திலும் நுனிக்கென்று ஒரு முக்கோணத் தகடு. என் வேலையை நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன், சுத்தமான வேலை.

மச்சினன் வந்து பார்த்தான். பதினோரு முக்கோணங்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது என்ன, எலி கடித்த வேட்டி மாதிரி என்று கேட்டான். விளக்கம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தகடு மடக்குகிற ஆட்கள் காதிலெல்லாம் விழுகிற மாதிரி, மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னான்.

“கொழுந்து கிள்ளுன குடும்பம் பாருங்க, மலையில கண்டதையெல்லாம் கொண்டாந்து இங்கயும் நட்டு வெச்சிருக்கீங்க.”

ஆட்கள் சிரித்தார்கள். அவர்களுக்கும் வேலை வேண்டுமே. உங்களுக்கு மலை தெரியாது, படம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

மறுவாரம் எங்கள் எஸ்டேட் கோவிலில் மாதா திருநாள். அம்மா கட்டாயம் போயாக வேண்டும் என்றாள், இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு மலைக்குப் போனேன். நாங்கள் தேர் பின்னால் நடந்துகொண்டிருந்த நேரத்தில் அவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். என் கோப்பைத் திறந்து பதினோரு பாதி நிரைகளையும் அழித்திருக்கிறான். தட்டையாக ஒரே அகலத்தில் நிரைகளை வரைந்து, அந்தக் கட்டளையைப் போட்டு உருண்டைமேல் போர்த்தியிருக்கிறான். பிறகு அவற்றைத் தட்டையாக்கி வெட்டக் கொடுக்க வேண்டுமே, அதற்கும் ஒரு கட்டளை உண்டு. இந்தப் பேனல் தட்டையாகாது, அளவு மாறும் என்று மென்பொருளே எச்சரிக்கும். ஒவ்வொரு பேனலுக்கும் ‘சரி’ என்று அழுத்தியிருக்கிறான். அழுத்தி அழுத்தி அவன் விரல் வீங்கியிருக்க வேண்டும். அதே கோப்பில் அதே பெயரில் சேமித்து, வெட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டான். எல்லாத் தாளிலும் மூலைக்கட்டத்தில் என் இரண்டெழுத்து.

லீவு முடிந்து வந்தால் தகடு பாதி வெட்டியாகிவிட்டது. முதலாளியிடம் போய் நிறுத்துங்கள், இது உட்காராது என்றேன். திரையில் உட்கார்ந்திருக்கிறதே அம்மிணி என்றார். அவர் அம்மிணி என்று கூப்பிட்டால் எங்கேயோ குழி வெட்டியாகிவிட்டது என்று பொருள். லாரி உடுமலை வழியாக மறையூர் ஏறி மூணாறு போய், தேவிகுளம் தாண்டிச் சின்னக்கானலில் இறங்கியது. ஐந்தாம் நாள் தளத்திலிருந்து போன் வந்தது.

முதலாளி, மச்சினன், நான் மூன்று பேரும் காரில் போனோம். கூரை எலும்புக்கூட்டின்மேல் பேனல்கள் ஏறியிருந்தன. அடியில் இரண்டு பேனலுக்கு நடுவே கை நுழையும், மேலே ஒன்றின்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டு நின்றன. மாட்டுகிற ஆட்கள் மரச் சுத்தியலால் அடித்து அடித்துப் பார்த்ததில் தகடெல்லாம் பள்ளம் விழுந்து கிடந்தது. நான்கைந்து பேர் முழங்கையில் கீறலோடு நின்றார்கள். ரிசார்ட்டுக்காரர்களின் இன்ஜினியர் எர்ணாகுளத்துக்காரர். அவர் கத்தவே இல்லை. ஒரு வரைபடத் தாளை எடுத்து மூலையைப் பார்த்துவிட்டு, இந்த எழுத்து யாருடையது என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார். மச்சினன் குனிந்து ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். முதலாளி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், எனக்குத் தெரிந்த பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

என்னுடையதுதான், ஆனால் வரைந்தது நான் இல்லை என்றேன். இன்ஜினியருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அந்தத் தாளைக் கொண்டுபோய்த் தளத்து ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொன்னார்.

திரும்பி வந்த மறுநாள் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசைமேல் ஒரு கடிதம், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. என் கவனக்குறைவால் பிழை நேர்ந்தது, பட்டறைக்கு இதில் பொறுப்பில்லை என்று எழுதி, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“தெரியாம என்னங்க அம்மிணி. அவம் பேரைப் போட்டா அப்பறம் நான் ஊட்டுக்குப் போவ முடியுமுங்களா? கையெழுத்துப் போட்டீங்னா வேலை இருக்கும். இல்லீங்னா, உங்க இஷ்டமுங்.”

அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. உண்மையைத் தெரிந்துகொண்டே, அதை என்னிடமே சொல்லிக்கொண்டே கேட்டாரே, அதுதான் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் அந்தக் கடிதம் எந்தப் பட்டறைக்கும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். போடாவிட்டால் அடுத்த மாத வாடகை இல்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

மூன்று நாள் அந்தக் கடிதம் கையெழுத்தில்லாமல் முதலாளி மேசையிலேயே கிடந்தது. மச்சினன் தன் பங்குக்குக் கூரையைச் சரிசெய்யப் பார்த்தான். நிரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தான், கூட்டினான், அந்தக் கட்டளையைத் திரும்பத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு தடவையும் திரையில் அழகாக வந்தது, ஒவ்வொரு தடவையும் மேலே நசுங்கியது. நாலாம் நாள் முதலாளியே என் மேசைக்கு வந்து, நீங்கள் முதலில் வரைந்தது இருக்கிறதா என்று கேட்டார். கணினியில் இருந்ததை உங்கள் மச்சினர் அழித்துவிட்டார் என்றேன். வேறெங்கும் இல்லையா என்றார். இருக்கிறது என்றேன்.

வீட்டில் பென்டிரைவில் இருந்தது. வேலை முடிந்ததும் ஒரு நகல் எடுத்துப் போவது என் வழக்கம். பயந்தாங்கொள்ளி வழக்கம் என்று மச்சினன் கேலி பண்ணுவான். முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“கடிதத்தைக் கிழிங்க சார். என் கண்ணு முன்னால கிழிங்க. நாளைக்கு ஃபைலு வரும்.”

கிழித்தார். நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குப் போகிற வழியில் அம்மாவுக்குப் பிடித்த மிக்சர் வாங்கிக்கொண்டு போனேன். ஜெயித்துவிட்ட நினைப்பு. மடச்சி, மூலைக்கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு வாங்கத் தோன்றவில்லை.

கோப்பைக் கொடுத்த அதே வாரம் பட்டறைக்குப் புதுக் கணினி வந்தது, மென்பொருளும் புதிதாக வாங்கினார்கள். இத்தனை வருஷம் ‘பாக்கலாமுங்க’ என்றவர் ஒரே நாளில் வாங்கினார். அது மச்சினனுடைய கணினி. என் கோப்பை அதில் திறந்து அங்கிருந்தே அச்செடுத்தார்கள். புதுப் பேனல்கள் மலையேறிப் போயின, சுத்தியலே தொடாமல் உட்கார்ந்தன. பதினோரு நிரைகள் பாதியில் நின்றன. மாட்டுகிறவர்களில் ஒருவர் போன் பண்ணி, கையை வைத்தால் தானாகப் போய் உட்காருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, புது ஆள் வரைந்தாராமே என்று கேட்டார்.

அப்போதுதான் புதுத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூலைக்கட்டத்தில் மச்சினனுடைய இரண்டெழுத்து.

முதலாளியிடம் போனேன். லெட்டரு வேண்டாமுன்னீங்க, கிழிச்சாச்சு, இப்பப் பேரும் வேணுமுங்களா என்று கேட்டார். பட்டறைக்குள் யார் வரைந்தால் என்ன, எல்லாம் ஒரே சோறுதானே என்றார். ஒரே சோறாம். தப்பான தாள் என் எழுத்தோடு சின்னக்கானலில் சுவரில் ஒட்டியிருக்கிறது, சரியான தாள் அவன் எழுத்தோடு ஊரெல்லாம் சுற்றுகிறது, இதில் எங்கே ஒரே சோறு? இரண்டு மாதம் கழித்துப் பொள்ளாச்சியில் வேறொரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். என் சான்றிதழில் பேரைப் பார்த்துவிட்டு, ஓ, அந்த உட்காராத கூரை நீங்கள்தானா என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். மச்சினன் இப்போது என்னை ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

அடுத்த வருஷம் மாதா திருநாளுக்கு அம்மாவும் நானும் போனோம். பஸ் அந்த வளைவில் திரும்பும்போது கூரை தெரிந்தது. ரிசார்ட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் பட்டறைக்கே வந்து சண்டை போட்டுவிடுவாள் என்று பயம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். படம் எடுத்தவர்கள் ஒருவர் கண்ணுக்கும் படாதது அவள் கண்ணுக்குப் பட்டுவிட்டது.

“ஏட்டி, அந்தப் பாதி நெறையெல்லாம் யாரு தலையில கட்டுனாக?”

என் தலையிலதாம்மா என்றேன். பிறகு அடக்க முடியவில்லை. மூலைக்கட்டம், கடிதம், பென்டிரைவ், புதுக் கணினி, பொள்ளாச்சியில் குடித்த டீ வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். நான் முடித்ததும் அம்மா, கொழுந்தைக் கொட்டிட்டு வந்தியா என்று கேட்டாள். இல்லை, வாடகை இருக்கிறதல்லவா என்றேன்.

“மறுநா போறது போறதுதான். நான் போகலியா? ஆனா கொட்டிட்டுப் போயிருக்கணும்.”

திருநாள் முடிந்து திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம். மடக்குகிற ஆட்கள், லாரி டிரைவர், முதலாளி, மச்சினன், எல்லாரும் இருந்தார்கள். புதுக் கூரையின் தாளைக் கொண்டுபோய் மச்சினனுடைய டிபன் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விரித்தேன். அவனுடைய இரண்டெழுத்து அவனுக்கு நேராக இருக்கும்படி திருப்பி வைத்தேன்.

“நீங்க வரைஞ்சதுதானே சார்? இந்த ஏழாவது நிரை ஏன் இங்க நிக்குது? ஒரு முழம் தள்ளி நின்னா என்ன ஆகும்? சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்குறோம்.”

அவன் தாளைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். முதலாளி மோர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்துங்க, டிசைனுக்காகங்க என்றான். டிசைனுக்காக என்றால் எதற்காக என்று கேட்டேன். நான் நகரவில்லை, இன்னொரு தடவை கேட்டேன். சோற்றைப் பிசைந்த அவன் கை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. போன வருஷம் அவன் பேச்சுக்குச் சிரித்த ஆட்களில் ஒருவர் மெதுவாக எழுந்து கை கழுவப் போனார், பின்னாலேயே இன்னொருவர் போனார், கடைசியில் எல்லாரும் போய்விட்டார்கள். அவனும் அந்தத் தாளும்தான் மிச்சம். தாளை மடிக்காமல் அங்கேயே விட்டுவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன்.